டோரதி ரிச்சர்ட்சன்: முன்னோடி என்ற பெயர் மட்டும் போதுமா?

செம்மண்:

ஆங்கில நாவலாசிரியர் டோரதி ரிச்சர்ட்சனை (1873–1957) மறக்கப்பட்ட மேதை என்று போற்றும் கட்டுரைகள் அண்மைக் காலமாக நிறையவே கண்ணில் படுகின்றன. அவர் முன்னோடி என்பதில் எனக்கு ஐயமில்லை. மிரியம் ஹெண்டர்சன் என்ற ஒரே பெண்ணின் மனத்துக்குள் இருந்தபடியே முழுவதும் எழுதப்பட்ட 'பில்கிரிமேஜ்' நாவல் வரிசையின் முதல் பகுதியான 'பாயிண்டட் ரூஃப்ஸ்' 1915-இல் வெளிவந்தது. 1918-இல் எழுத்தாளர் மே சின்க்ளேர், மனத்தில் இடைவிடாமல் ஓடும் எண்ணங்களையும் உணர்வுகளையும் குறிக்கும் 'நனவோடை' என்ற உளவியல் சொல்லை நாவல் விமர்சனத்துக்குக் கொண்டுவந்தபோது, அவர் பேசியது இந்த வரிசையின் முதல் மூன்று பகுதிகளைப் பற்றித்தான்.

ஆனால் முதலில் வந்தது என்பதாலேயே ஒரு படைப்பு பெரிதாகிவிடாது. பதின்மூன்று பகுதிகள், இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல். இவற்றில் எதை விடுவது, எதை எடுப்பது என்ற தேர்வே நடக்கவில்லை என்பதுதான் என் குறை. எல்லாமே அவருக்குச் சம முக்கியத்துவம் உடையவை என்பதால் எல்லாமே சம அளவில் முக்கியமற்றுப் போகின்றன என்ற பொருளில் சிறுகதை எழுத்தாளர் காத்தரின் மான்ஸ்ஃபீல்ட் அன்றே எழுதினார். 1919-இல் 'தி டனல்' பகுதிக்கு மதிப்புரை எழுதிய நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃபும், அந்த முறையின் புதுமையை மதித்தபோதிலும், புலனுணர்வுகள் மிரியத்தின் மேல் பட்டுத் தெறிக்கின்றனவே தவிர எதிர்பார்த்த ஆழத்தில் ஒளி பாய்ச்சவில்லை என்றே கருதினார். இருவரும் பெண்கள்; இருவரும் புதிய வடிவத்தைத் தேடியவர்கள். ஆகவே ரிச்சர்ட்சன் படிக்கப்படாமல் போனதற்கு ஆண் விமர்சகர்களின் புறக்கணிப்பு மட்டுமே காரணம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மழைக்காடு:

தேர்வே இல்லை என்று நீங்கள் சொல்வது, மூன்றாம் பகுதியான 'ஹனிகோம்'பின் கடைசிப் பக்கங்களைப் படித்தவர் சொல்லக்கூடியதாக எனக்குப் படவில்லை.

ரிச்சர்ட்சனின் வாழ்க்கையை முதலில் நினைவுபடுத்த விரும்புகிறேன். இங்கிலாந்தின் ஆபிங்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தந்தையின் பணம் கரைந்துகொண்டிருந்த நிலையில், 1891-இல், பதினேழு வயதில் ஜெர்மனியின் ஹனோவர் நகரப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கப் போனார். 1893-இல் தந்தை திவாலானார். 1895 நவம்பரில், மனச்சோர்வுற்றிருந்த தாயைக் கவனித்துக்கொள்வதற்காக ஹேஸ்டிங்ஸ் கடற்கரை ஊரில் அவரோடு தங்கியிருந்தபோது, டோரதி வெளியே சென்றிருந்த நேரத்தில் தாய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு எழுத்தாளரின் வாழ்வில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி இருக்க முடியாது. எதையும் விட்டுவைக்காமல் கொட்டித் தீர்ப்பவராக ரிச்சர்ட்சன் இருந்திருந்தால், இந்த நிகழ்ச்சி நூறு பக்கங்களுக்கு விரிந்திருக்கும்.

அவர் என்ன செய்தார்? உறக்கமற்ற இரவுகள், தாயின் அச்சம், மிரியத்தின் களைப்பு ஆகிய அனைத்தும் வருகின்றன. மரணம் மட்டும் வரவில்லை. வயதான ஒரு பெண் மிரியத்தை இறுக அணைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும் வரை உன்னை நீயே ஒருபோதும் பழித்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் உள்ளே வந்த ஓசையே மிரியத்தின் காதில் விழுந்திருக்கவில்லை. நடந்தது என்ன என்பதை நாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் ஊகித்துக்கொள்ள வேண்டும். மனம் தாங்க முடியாததை மொழியும் தாங்காமல் விலகிக்கொள்கிறது. ஆங்கில நாவலில் அதற்கு முன் இப்படி ஒரு மரணத்தை நான் படித்ததில்லை. இது தேர்வு இல்லையென்றால் வேறெதைத் தேர்வு என்பது?

கல்தச்சன்:

உங்கள் இருவரின் பேச்சிலும் விடுபட்டுப்போகும் ஒன்று உண்டு, அது வேலை. தாயின் மறைவுக்குப் பின் ரிச்சர்ட்சன் லண்டனுக்கு வந்து, ஹார்லி தெருவில் பல் மருத்துவர்களிடம் வாரம் ஒரு பவுண்டுக்கு உதவியாளராகச் சேர்ந்து, புளூம்ஸ்பரியில் வாடகை அறையில் குடியிருந்தார். 'தி டனல்' நாவலில் மிரியத்தின் ஒரு வேலைநாள் ஏறக்குறைய முழுதாகவே வருகிறது. கருவிகளைக் கழுவித் துடைத்து அடுக்குவது, கணக்கேட்டில் பதிவது, நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குவது, கடிதம் எழுதுவது, இடையில் அழைப்பு வந்தால் அத்தனையையும் போட்டுவிட்டு ஓடுவது என்று அந்த நாள் போகிறது. செம்மண் அவர்கள் சலிப்பு என்று சொல்லக்கூடிய பக்கங்கள் இவை. சம்பளத்துக்கு உழைக்கும் ஒரு பெண்ணின் நாளை இவ்வளவு பொறுமையோடு பதிவு செய்த ஆங்கில நாவல்கள் அதற்கு முன் எத்தனை? வுல்ஃபுக்கு அந்த வாழ்க்கை நேரடியாகத் தெரியாது. அதை அவர் மேற்பரப்பு என்று கண்டதில் எனக்கு வியப்பில்லை.

செம்மண்:

'ஹனிகோம்'பின் முடிவு மிக உயர்ந்த எழுத்து என்பதில் எனக்கு மாறுபாடே இல்லை. பல் மருத்துவமனைப் பக்கங்களின் சமூக மதிப்பையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சமூக ஆவணமாக மதிப்புடையது என்பதும் நாவலாக நிற்கிறது என்பதும் வெவ்வேறு.

இதைவிட எனக்கு உறுத்தலான ஒன்றைச் சொல்கிறேன். 'டெட்லாக்' (1921) நாவலில் மைக்கேல் ஷாட்டோவ் என்ற ரஷ்ய யூத இளைஞனை மிரியம் நேசிக்கிறாள். ஆனால் அவனை மணக்க மறுப்பதில் அவன் யூதன் என்பதும் ஒரு பெரிய காரணமாகிறது. யூதர்களைப் பற்றியும் பிற இனத்தாரைப் பற்றியும் மிரியம் பொதுப்படையாகக் கொட்டும் முன்முடிவுகள் பக்கம் பக்கமாக வருகின்றன. அவள் மனத்தைவிட்டு நாவல் ஒருகணமும் வெளியே வராததால், அவற்றை மறுக்கவோ எடைபோடவோ அங்கே இன்னொரு குரல் இல்லை. ஒரே பார்வைக்குள் அடைபட்ட வடிவத்தின் அறச்சிக்கல் இது. பல மனங்களுக்குள் மாறி மாறிப் போகும் வுல்ஃபின் பிற்கால நாவல்கள் இந்தச் சிறையிலிருந்து தப்பிவிட்டன.

மழைக்காடு:

மிரியத்தின் முன்முடிவுகள் கசப்பானவை. அவற்றுக்குச் சப்பைக்கட்டு கட்ட நான் வரவில்லை. ஆனால் இன்னொரு குரல் இல்லை என்பது பொருந்தாது. ஷாட்டோவ் பேசுகிறான். அவளைவிட அதிகம் படித்தவனாக, அவளைப் புதிய நூல்களுக்கும் தத்துவத்துக்கும் இட்டுச் செல்பவனாக, பல இடங்களில் அவளைவிட நேர்மையாகச் சிந்திப்பவனாக அவன் அந்தப் பக்கங்களில் நிற்கிறான். அவனை மறுப்பதால் மிரியம் எதை இழக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆசிரியர் குறுக்கிட்டுத் தீர்ப்புச் சொல்லாததால் தீர்ப்பின் சுமை வாசகர் மேல் விழுகிறது. அந்தச் சுமை வேண்டாம் என்போருக்கு இந்த வடிவம் ஒத்துவராது.

ஹைப்போ வில்சன் பாத்திரத்தையும் பாருங்கள். அது எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸை வைத்து எழுதப்பட்ட பாத்திரம் என்பதை எல்லாரும் அறிவர். 1907-இல் வெல்ஸால் கருவுற்ற ரிச்சர்ட்சனுக்கு அந்தக் கரு கலைந்துபோனது. பழிதீர்க்கும் சித்திரம் ஒன்றை அவர் எளிதாக எழுதியிருக்கலாம். மாறாக, வில்சனின் பேச்சாற்றலை முழுமையாக ஒலிக்கவிட்டு, அந்தப் பேச்சில் மற்றவர் மறுமொழிக்கு இடமே இல்லை என்பதை மிரியம் மெல்ல மெல்ல உணர்வதைக் காட்டுகிறார். 1938 முன்னுரையில், நடப்பிலிருந்த ஆண்களின் யதார்த்தவாதத்துக்கு இணையான பெண் வடிவத்தைத் தேடியதாக அவர் சொன்னதன் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது.

கல்தச்சன்:

அந்த 1938 பதிப்பைப் பற்றிச் சில வரிகள். அதுவரை வந்த பகுதிகளோடு புதிதாக 'டிம்பிள் ஹில்'லையும் சேர்த்து, பன்னிரண்டு பகுதிகளும் நான்கு தொகுதிகளாக வெளியிடப்பட்டபோது, வரிசை நிறைவுற்றுவிட்டது என்றே வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவரோ எழுதி முடித்திருக்கவில்லை. பதின்மூன்றாம் பகுதியான 'மார்ச் மூன்லைட்' அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1967-இல்தான் அச்சானது. 1917-இல் மணந்துகொண்ட ஓவியர் ஆலன் ஓடல் உடல்நலம் குன்றியவர். ரிச்சர்ட்சன் மொழிபெயர்ப்பும் இதழ்க் கட்டுரைகளும் எழுதித்தான் குடும்பம் ஓடியது. ஓய்வும் வருமானமும் இருந்தவர்களின் கச்சிதத்தை இவரிடம் எதிர்பார்ப்பது நியாயமா?

செம்மண்:

வாழ்க்கையின் இடர்களுக்காக ஒருவர் மேல் பரிவு கொள்ளலாம். அதை நாவலின் மதிப்பெண்ணோடு கூட்ட முடியாது. முழுவதையும் படிக்குமாறு எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 'தி டனல்' ஒன்றை மட்டும் தனியாகப் படித்தால் போதும். ரிச்சர்ட்சனின் சிறப்பு அனைத்தும் அதில் இருக்கிறது.

மழைக்காடு:

அதைத் தனியாகப் படிப்பதுதான் அந்த நாவலுக்குச் செய்யும் பெரிய அநீதி. லண்டன் வாடகை வீட்டின் மாடிப்படிகளில் ஏறி, தனக்கென்று கிடைத்த சிறிய அறையை மிரியம் முதல்முறையாகப் பார்க்கும் மகிழ்ச்சியோடு அது தொடங்குகிறது. 'ஹனிகோம்'பைப் படிக்காதவருக்கு அது சுதந்திரம் பெற்ற ஓர் இளம்பெண்ணின் உற்சாகம் மட்டுமே. முந்தைய நூலின் கடைசிப் பக்கத்தைக் கடந்து வந்தவருக்கோ, தாயைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லாததே அவளுடைய மகிழ்ச்சியின் விலையைச் சொல்லிவிடும். குறைந்தது முதல் நான்கு பகுதிகளையாவது வரிசையாகப் படியுங்கள் என்றே நான் புதியவர்களிடம் சொல்வேன்.