வண்டி எரிந்துபோச்சு, பின்னால் இழுத்து வந்த கேம்பர் (தங்குற டிரெய்லர்) தப்பிச்சது: இன்சூரன்ஸ் பற்றி விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வரும்போது, முள்ளோடை தாண்டி பெண்ணையாற்றுப் பாலத்துக்கு முன்னாடி எங்க டீசல் ஜீப் தீப்பிடிச்சிருச்சு. யாருக்கும் அடியில்லை.

முதல்ல வயர் கருகுற நாத்தம், அப்புறம் ஏசி துவாரத்துல புகை. மச்சான் ஓரங்கட்டி இன்ஜினை அணைச்சு எல்லாரையும் இறக்கிட்டார். பானெட்டைத் திறக்க விடலை. காத்து போனா தீ குபீர்னு ஏறும். கேம்பருக்குள்ள சமையல் கேஸ் சிலிண்டர் வேற! கழட்டலாம்னா ஜீப்பையும் கேம்பரையும் இணைக்கிற ஹிட்ச் பின் அசையலை. சரிவுல நின்னதால கேம்பரோட மொத்த பாரமும் அதுலதான். டீக்கடைல இருந்தவங்க ஓடி வந்து கேம்பரை முன்பக்கம் ஒரு தள்ளு தள்ளினதும் பின் கழண்டுச்சு. அப்படியே பின்னாடி நகர்த்தி, சக்கரத்துக்குக் கல்லு வெச்சோம். அந்தப் புண்ணியவான்கள் நல்லா இருக்கணும். 101-க்கு அடிச்சோம். தீயணைப்பு வண்டி வந்து அணைக்கிறதுக்குள்ள ஜீப்போட முன்பக்கம் முழுக்கக் கூடு.

இப்போ விஷயம். ஜீப் புதுச்சேரி பதிவு, பாலிசியும் அங்கேதான், ஆனா எரிஞ்சது தமிழ்நாட்டு எல்லையில். ஜீப்புக்கு முழு பாலிசி இருக்கு. வெறும் தேர்டு பார்ட்டின்னா (அடுத்தவங்க நஷ்டத்துக்கு மட்டும்) கிளெய்ம் பேச்சே இல்லை. தீயணைப்புச் சான்றிதழை கடலூர்ல வாங்கினா போதுமா, போலீஸ்லயும் எழுதிக் கொடுக்கணுமா? கேம்பர் பக்கவாட்டுல பெயின்ட் கொப்புளிச்சிருக்கு. அதுக்குத் தனி பாலிசி இல்லாம கிளெய்ம் கிடைக்குமா? சேதத்தை மதிப்பிடுற இன்சூரன்ஸ் சர்வேயர் வர்றவரை ஜீப்பைத் தொடக்கூடாதுன்னு சொல்றாங்க, ஆனா ரோட்டோரம் எத்தனை நாள் விடுறது?

கடலூர்ல நம்பகமான ரெக்கவரி வண்டிக்காரர் தெரிஞ்சாலும் இன்பாக்ஸ்ல சொல்லுங்க.