மலாவி ஏரியில் செடியே கிடையாதா? சிச்லிட் தொட்டிக்குச் செடி பற்றி

பாறைமீன்:
நேற்று புதிதாக வந்த ஒரு தம்பி, நாலடித் தொட்டியில் எம்புனா (ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் பாறைகளில் வாழும், சிச்லிட் குடும்பத்து மீன்) விடப்போகிறேன், என்ன செடி வைக்கலாம் என்று கேட்டிருந்தார். அதற்கு ஆஸ்கர்ராஜா அண்ணன் போட்ட பதிலை அப்படியே தருகிறேன்: "சிச்லிட் தொட்டியில் உயிர்ச்செடி நிற்காது. மலாவி ஏரியிலேயே செடி கிடையாது, வெறும் பாறைதான். பிளாஸ்டிக் செடியை வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்." அந்தத் தம்பியும் நம்பி நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. மலாவி ஏரியில் செடி இருக்கிறது. வாலிஸ்னேரியா என்கிற நாடா இலைச் செடி இருக்கிறது. ஆழம் குறைந்த மணல் பகுதிகளில் புல்வெளி மாதிரி படர்ந்து கிடக்கிறது. ஹெமிடிலாபியா என்று அந்த ஏரியிலேயே ஒரு சிச்லிட் உண்டு. அது ஒருக்களித்துச் சாய்ந்து வாலிஸ்னேரியா இலையை வாய்க்குள் வாங்கி, மேலே ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டித் தின்னும். செடியே இல்லாத ஏரியில் அந்த மீன் எதைச் சுரண்டுகிறது? அண்ணன் பதில் சொல்லட்டும்.

ஆஸ்கர்ராஜா:
தம்பி, படித்ததைச் சொல்கிறீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். என் ஆஸ்கர் மீன் தொட்டியில் நல்ல அமேசான் ஸ்வார்டு, வேர் பிடித்த செடி, காசு கொடுத்து வாங்கி நட்டேன். ராத்திரி லைட்டை அணைத்தேன். காலையில் செடி வேரோடு மேலே மிதக்கிறது, மணல் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கிறது, கிழிந்த இலை பில்டர் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஓர் அடி வளரும் மீன் அது, இடம் பிடிக்கவில்லை என்றால் தோண்டத்தான் செய்யும். சிச்லிட் என்றால் தோண்டும். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பச்சைத்தொட்டி:
சிச்லிட் என்றால் தோண்டுமா? என் ஏஞ்சலும் சிச்லிட்தான், டிஸ்கஸும் சிச்லிட்தான். கோவையில் சிறுவாணித் தண்ணீரில் ஸ்வார்டு செழித்து நிற்கிறது. ஏஞ்சல் ஜோடி அதே இலையை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்து, வரிசையாக முட்டை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறுகிறது. செடி இல்லாமல் இந்த மீன்களை வைப்பதுதான் தவறு என்பேன்.

பாறைமீன்:
அக்கா, உங்கள் தொட்டி நன்றாக இருக்கலாம், ஆனால் கேள்வி அது இல்லை. மலாவி ஏரியில் செடி கிடையாது என்று எழுதினாரா இல்லையா? அதை முதலில் முடிப்போம்.

புதுத்தொட்டி:
அண்ணா, கேட்டது நான்தான். என் வீட்டில் போர் தண்ணீர், உப்பு அதிகம். எம்புனாவில் யெல்லோ லேப் மட்டும் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆஸ்கர், ஏஞ்சல், எம்புனா எல்லாவற்றுக்கும் ஒரே செடியா, வேறு வேறா?

பாறைமீன்:
தம்பி, போர் தண்ணீர் பற்றிக் கவலையே வேண்டாம். வாலிஸ்னேரியாவுக்கு உப்புத் தண்ணீர்தான் பிடிக்கும், அதாவது கடினத்தன்மை உள்ள தண்ணீர். அதில் இருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும், கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டர் எல்லாம் தேவையில்லை. மீன் விடுவதற்கு முன்பே நட்டு, வேர் பிடிக்க விடுங்கள். அடியைச் சுற்றிக் கல் அடுக்குங்கள், தோண்ட வழி இருக்காது. அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் கல்லில் கட்டிவிடுங்கள், இலை தடிப்பு, எம்புனா கடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். படுத்திருக்கும் அந்தத் தண்டை மட்டும் மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். ஹைட்ரில்லா, கபோம்பா மாதிரி மெல்லிய செடி வாங்காதீர்கள், அது சாப்பாடாகிவிடும். மீனுக்கும் ஸ்பைருலினா கலந்த தீவனம் கொடுங்கள். மீனைப் பட்டினி போட்டுவிட்டுச் செடியைத் தின்கிறது என்று குறை சொல்லக் கூடாது. இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், வாலிஸ்னேரியா அந்த ஏரியின் சொந்தச் செடி. மலாவியில் இருக்கிறது. அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆஸ்கர்ராஜா:
சொல்கிறேன். எம்புனா எங்கே வாழ்கிறது? பாறையில். நீங்கள் வைத்துக்கொண்ட பெயரே பாறைமீன். பாறையில் வாலிஸ்னேரியா முளைக்குமா? அது மணலில், வேறு இடத்தில். ஆகவே எம்புனாவுக்குச் செடி சொந்தம் இல்லை. அப்புறம் அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்க ஓடைச் செடி, ஜாவா ஃபெர்ன் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வருகிறது. மலாவி மலாவி என்று பேசிவிட்டு ஏன் அவற்றைச் சிபாரிசு செய்கிறீர்கள்? நீங்கள் அனுபியாஸ் வெட்டி விற்கிறீர்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

பாறைமீன்:
பார்த்தீர்களா, ஏரியில் கிடையாது என்றார், இப்போது பாறையில் கிடையாது என்கிறார். நான் ஏரியைக் கேட்டேன். ஏரியில் இருக்கிறதா இல்லையா? செடி விற்பதை நான் ஒளித்ததில்லை. விலை கூடுதல் என்று யாரும் சொன்னதும் இல்லை. போன வருடம் ஹீட்டர் விவாதத்திலும் இதேதான் செய்தீர்கள், கேட்ட கேள்வியை விட்டுவிட்டு ஆளைப் பிடிப்பீர்கள்.

கொளத்தூர்வாசி:
அனுபியாஸைக் கட்டுவதற்கு நூல் எதற்கு? ஃபெவிக்விக் ஒரு சொட்டு போதும். கல்லைத் துடைத்து, தண்டை வைத்து அழுத்தினால் முடிந்தது. தண்ணீர் பட்டதும் இறுகிவிடும்.

பச்சைத்தொட்டி:
மீன் தொட்டியில் ஃபெவிக்விக்கா? என் டிஸ்கஸ் தொட்டியில் அதை விடவே மாட்டேன். பருத்தி நூல் இருக்கிறது, வேர் பிடிக்கும்போது தானாக மக்கிப் போகும்.

கொளத்தூர்வாசி:
இறுகிய பிறகு அது வெறும் பிளாஸ்டிக். செடி வைத்துத் தொட்டி அழகு செய்கிறவர்கள் உலகம் முழுக்க அதைத்தான் போடுகிறார்கள். உங்கள் பருத்தி நூலை எம்புனா முதல் வாரத்திலேயே பிய்த்துவிடும். டிஸ்கஸ் வளர்க்கிறவர்களுக்கு எம்புனாவின் பல் தெரியாது.

பச்சைத்தொட்டி:
டிஸ்கஸ் வளர்த்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். 28, 30 டிகிரியில் செடியை வளர்ப்பது என்ன பாடு என்று அப்போது தெரியும்.

ஆஸ்கர்ராஜா:
இருவரும் சண்டை போடுவதற்குப் பதில் நான் செய்வதைச் செய்யலாம். மணி பிளான்ட். இலை தொட்டிக்கு வெளியே, வேர் மட்டும் தண்ணீரில். மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட்டை இழுத்துக்கொள்கிறது, இலையை எந்த மீனும் தொட முடியாது. ஆஸ்கர் அவ்வப்போது வேரைக் கடிக்கும், போகட்டும், திரும்ப விடும்.

பாறைமீன்:
அதாவது உங்கள் தொட்டியில் உயிர்ச்செடி இருக்கிறது! "சிச்லிட் தொட்டியில் உயிர்ச்செடி நிற்காது" என்று எழுதிய அதே ஆள்.

ஆஸ்கர்ராஜா:
அது வெளியே இருக்கிறது. தொட்டிச் செடி என்றால் தண்ணீருக்குள் இருப்பது. இதுகூடத் தெரியாமல் பாடம் எடுக்கிறீர்கள்.

பாறைமீன்:
வேர் தண்ணீருக்குள்தானே இருக்கிறது?

புதுத்தொட்டி:
அண்ணா, ஜாவா ஃபெர்ன் வாங்கிவிட்டேன். இலைக்கு அடியில் கறுப்புப் புள்ளி வரிசையாக இருக்கிறது, தடவினால் மேடு தட்டுகிறது. நோயா? கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

கொளத்தூர்வாசி:
நோய் இல்லை தம்பி, பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். அது விதைத்தூள் பை. அந்த இலையிலேயே குட்டிச் செடி கிளம்பும், வேர் விட்டதும் பிய்த்து இன்னொரு கல்லில் ஒட்டலாம். ஃபெவிக்விக் போட்டு.

பச்சைத்தொட்டி:
நூல் போட்டு.

பாறைமீன்:
தம்பி, அதற்குப் பின்னால் வாலிஸ்னேரியாவும் நடுங்கள், இடம் விட்டு நட்டால் போதும், தானே பக்கக்கொடி விட்டுப் பரவும். லைட்டை மிகையாக வைக்காதீர்கள், அனுபியாஸ் இலையில் பாசி ஏறிவிடும். ஆனால் இங்கே இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. "மலாவி ஏரியிலேயே செடி கிடையாது." இந்த வரி பழைய இழையில் அப்படியே நிற்கிறது. நாளைக்கு இன்னொரு பையன் வந்து படிப்பான். அண்ணன் அதைத் திருத்த வேண்டும்.

ஆஸ்கர்ராஜா:
திருத்த மாட்டேன். எம்புனா இருக்கும் பாறையில் செடி இல்லை, நான் சொன்னதன் பொருள் அதுதான். புரிந்தவர்களுக்குப் புரிந்தது.

பாறைமீன்:
ஏரி என்று எழுதியிருக்கிறீர்கள். ஏ-ரி. கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர் நீளம் உள்ள ஏரி. அதில் பாறையும் இருக்கிறது, மணலும் இருக்கிறது, ஆற்று முகத்துவாரமும் இருக்கிறது, வாலிஸ்னேரியாவும் இருக்கிறது. திருத்துகிற வரைக்கும் தினமும் வந்து கேட்பேன்.

ஆஸ்கர்ராஜா:
கேளுங்கள். வரும்போது அந்த அனுபியாஸ் விலையையும் போட்டுவிடுங்கள்.