எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்னு சொல்ல வாய் வரலைன்னா?

பொறையார் மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமியார் பால் பொங்கி அடுப்புல வழிஞ்சாலும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே"ம்பாங்க. கரண்டு போனாலும் அதேதான். வந்த புதுசுல சிரிப்பா இருந்துச்சு. இப்ப எரிச்சலா வருது.

மூணு ஏக்கர் குத்தகைக்குப் பிடிச்சு பி.பி.டி. ரக நெல்லு போட்டிருந்தோம். 2023 பிப்ரவரி முதல் வாரம் டெல்டாவுல கொட்டுன மழை ஞாபகம் இருக்கும்ல? எங்களுக்கு இன்னும் நாலு நாள்ல அறுப்பு. பயிர் மொத்தமும் பாய் விரிச்ச மாதிரி படுத்துடுச்சு, தண்ணியில கிடந்த கதிர் அங்கேயே முளைச்சுடுச்சு. நெல்லுக்குள்ள தெளிச்சு ஒரு வாரம்கூட ஆகாத உளுந்து அழுகிப்போச்சு. டயர் வச்ச அறுப்பு மெஷின் சேத்துல இறங்காது, பெல்ட் மெஷின்தான். மணிக்கணக்குல வாடகை, சாய்ஞ்ச பயிர்ல அது நகர்ந்தாத்தானே!

அடுத்து சபையில அறுப்பின் பண்டிகை, விளைஞ்சதைக் காணிக்கையா வச்சு ஏலம் விடுவாங்க. மாமியார் அந்தக் கறுத்த நெல்லுல ஒரு மரக்கால் அளந்து கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னாடி பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவுல வச்சாங்க. எனக்கு மானமே போச்சு. "சாட்சி சொல்லும்மா"ன்னாங்க. ஏலம் ஆரம்பிக்கிறதுக்குள்ள பின்வாசல் வழியா வீட்டுக்கு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் வெள்ளாமை பரவாயில்ல. ஆனா அந்த வார்த்தை மட்டும் இன்னும் வாயில வரமாட்டேங்குது. மனசுல இல்லாததைச் சொன்னா பொய்தானே? நன்றி சொல்றதுன்னு நீங்கல்லாம் தினப்படி என்னதான் பண்றீங்க? "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்"ங்கிற தெசலோனிக்கேயர் வசனம் மட்டும் வேணாம், அது எனக்கு மனப்பாடம்.

ஜெபவீரன்:
சிஸ்டர், 1 தெசலோனிக்கேயர் 5:18. அவிசுவாசமா பேசாதீங்க. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

கொள்ளிடக்கரை வாத்தியார்:
வேணாம்னு சொன்னதையே கொண்டுவந்து கொடுத்துட்டார் தம்பி. சரி, வந்தது வந்துடுச்சு, வாசிச்சுப் பார்ப்போம். "எல்லாவற்றிலேயும்"னு இருக்கும்மா. ஏழாம் வேற்றுமை. மழையில நின்னுக்கிட்டு ஸ்தோத்திரம் சொல்லலாம், மழைக்காகச் சொல்லணும்னு அதுல இல்ல. எபேசியர் 5:20-ல "எல்லாவற்றிற்காகவும்"னு இருக்கேன்னு யாராவது கிளம்புவீங்க. இருக்கு. இந்த ரெண்டு நிருபத்தையும் எழுதின அதே பவுல்தான் பிழைப்போம்ங்கிற நம்பிக்கையே அத்துப்போச்சுன்னு கொரிந்து சபைக்கு எழுதினவர். அதையும் சேர்த்துப் படிங்க. (இந்த நிருபங்கள் முதன்முதலா தமிழ்ல அச்சேறினது உன் ஊருக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியில. அச்சிட்டவர் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, 1715. அந்த ஊர்க்காரி நீ, கேள்வி கேக்க உனக்கு உரிமை உண்டு.)

பழைய ஏற்பாட்டுல ஆபகூக் தீர்க்கதரிசி 3:17 எடுத்துப் பாரு. அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடுன்னு இல்லாமப்போனதை ஒவ்வொண்ணா எண்ணி முடிச்சிட்டுத்தான் மகிழ்ச்சிங்கிற பேச்சுக்கே வர்றார். நீ இன்னும் எண்ணவே இல்லையோன்னு தோணுது. ஒரு நோட்டுல எழுது.

நான் என்ன பண்றேன்னு கேட்டா, பிடியரிசி. என் வீட்டம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில போடுவா, மாசக் கடைசியில சபைக்குப் போகும். அவ போயி ஆறு வருஷம். நான் ஒருத்தனுக்குத்தான் வடிக்கிறேன், அதுலயும் ஒரு பிடி எடுக்கிறேன். வாயால ஒண்ணும் சொல்றதில்ல. சில நாள் எடுக்கும்போது, என்னை விட்டுட்டுப் போயிட்டாளேன்னு அவ மேல கோபம்கூட வரும்.

பூண்டி மினிபஸ்:
அக்கா, நாங்க ஆர்.சி., கத்தோலிக்கர். நற்கருணையைக் கிரேக்கத்துல எவ்கரிஸ்தியாம்பாங்க, நன்றி செலுத்துறதுன்னு அர்த்தம்னு மறைக்கல்வியில சொல்லிக்கொடுத்தாங்க. அப்பத்தை எடுத்து இயேசு நன்றி சொன்னது காட்டிக்கொடுக்கப்பட்ட ராத்திரியில. அது ஒண்ணும் நல்ல நாளா இல்ல.

நான் கடைசி டிரிப் முடிச்சு வண்டியை ஓரங்கட்டிட்டு, காலையில முதல் ஸ்டாப்புலேர்ந்து அன்னிக்கு நடந்ததை ஓட்டிப் பார்ப்பேன். யாராவது நல்லது பண்ணியிருந்தா அவங்க முகத்தை நினைச்சுக்குவேன். முடிஞ்சா மறுநாள் அவங்ககிட்டயே சொல்லிடுவேன். கடவுள்கிட்ட சொல்லிடலாம்க்கா, மனுஷன்கிட்ட சொல்லத்தான் கூச்சமா இருக்கு. இயேசு சுகமாக்கின பத்துக் குஷ்டரோகியில ஒருத்தன்தானே நன்றி சொல்லத் திரும்பி நடந்து வந்தான்.

ஆமா, அந்தக் கறுத்த நெல்லை ஏலம் எடுத்தது யாருக்கா?

பொறையார் மருமகள்:
தம்பி, நீங்க கேட்டப்புறம்தான் அதை நான் விசாரிக்கவே இல்லைன்னு உறைச்சுது. மாமியாரைக் கேட்டேன். முக்குல டீக்கடை வச்சிருக்கவராம். சபைக்காரர்கூட இல்ல, வேடிக்கை பாக்க வந்தவர். "கோழிக்கு ஆகும்"னு 300 ரூபாய்க்கு எடுத்தாராம். நல்ல நெல்லே அந்த விலை போகாது. அவர் கடைக்கு முன்னாடிதான் தினம் நடக்கிறேன். நாளைக்குப் போய் ஒரு டீ குடிக்கலாம்னு இருக்கேன். என்ன சொல்றதுன்னு தெரியல.

வாத்தியாரய்யா, எண்ணிட்டேன். நெல்லு, உளுந்து, மெஷின் வாடகை, வட்டின்னு ரெண்டு பக்கம் வந்துச்சு. எழுதிக்கிட்டிருக்கும்போது மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தோளுக்கு மேல எட்டிப் பார்த்தாங்க.

"விதைநெல்லை விட்டுட்டியே"ன்னாங்க. "என் தோட்டை அடகு வச்சுல்ல வாங்கினேன்."

காது வலிக்குதுன்னு தோட்டைக் கழட்டி வச்சிருக்கேன்னு சொல்லியிருந்தாங்க. நானும் இத்தனை நாளா அதை நம்பிக்கிட்டிருந்தேன்.