மரத் தரையில் வெள்ளைப் படலம், போகவே மாட்டேங்குது – அவசரம்

மூணாவதுமாடி:
ஹாலில் மரத் தரை. ரெண்டு மாசமா மேலே வெள்ளையா ஒரு படலம். காலை வெயில் சாய்ஞ்சு விழும்போது மாப் போட்ட தடம் அரைவட்டம் அரைவட்டமா தெரியுது. வெறுங்கால்ல நடந்தா பாதம் பதியுது. துடைச்சா போகுது, காய்ஞ்சா திரும்ப வருது. பால்கனி கதவுப் பக்கம் நாலு பலகை ஓரம் வேற லேசா தூக்கியிருக்கு. பாலிஷ் போடறவர் பார்த்துட்டு மொத்தத்தையும் மெஷின்ல தேய்ச்சாத்தான் ஆகும்ங்கிறார். ஞாயித்துக்கிழமை வீட்ல விசேஷம். என்ன போட்டுத் துடைக்கணும்னு மட்டும் யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

பூந்துடைப்பம்:
மரத் தரைன்னா எது? முழு மரமா, இன்ஜினியர்டா, லேமினேட்டா? எந்த ஊர்? எதை ஊத்தித் துடைக்கிறீங்க? போட்டோ ஒண்ணு போடுங்களேன்.

அடுக்களை_ராணி:
அரை பக்கெட் வெந்நீர், ஒரு டம்ளர் வெள்ளை வினிகர். கண்ணாடி மாதிரி ஆயிடும். எல்லாத் தரைக்கும் இதுதான்.

ரசமட்டம்:
"மரத் தரை" என்று மட்டும் எழுதிவிட்டு வழி கேட்பது, "உடம்பு சரியில்லை" என்று சீட்டெழுதி மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புவது போல. மாதம் ஒரு முறை இதே கேள்வி வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. சரி, மறுபடியும் சொல்கிறேன். வாசற்படி ஓரம் உள்ள உலோகப் பட்டியைக் கழற்றி, பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மரநாரை அழுத்திய பழுப்புப் பலகை, மேலே படம் அச்சிட்ட தாள், மொத்தம் 8 அல்லது 12 மி.மீ. என்றால் லேமினேட். மேலே நிஜ மரத் தகடு, கீழே குறுக்கும் நெடுக்குமாகப் பிளைவுட் அடுக்கு என்றால் இன்ஜினியர்ட். மேல் தகடு 0.6 மி.மீ.யும் உண்டு, 6 மி.மீ.யும் உண்டு, தேய்க்கலாமா கூடாதா என்பதை அதுதான் முடிவு செய்யும். பட்டி கழலாவிட்டால் ரேகையைப் பாருங்கள். ஒரே கணு நாலைந்து பலகையில் அச்சு அசலாகத் திரும்ப வந்தால் அது மரமே இல்லை.

மூணாவதுமாடி:
இன்ஜினியர்ட்தான் சார், ஓக். பில்லுல 14 எம்எம்னு போட்டிருக்கு. சென்னை. சும்மா தண்ணிலதான் துடைக்கிறது.

பூந்துடைப்பம்:
"சும்மா தண்ணி"ன்னா மெட்ரோ தண்ணியா, போர் தண்ணியா? பக்கெட்ல வேற எதுவுமே ஊத்தறதில்லையா?

மூணாவதுமாடி:
போர்தான். வாசனைக்கு ரெண்டு மூடி வெள்ளை பினாயில். அது எல்லார் வீட்லயும் ஊத்தறதுதானே? டைல்ஸ் ரூமுக்குப் போடற அதே மாப்.

இழைப்புளி:
அங்கதான் இருக்கு சங்கதி. வெள்ளை பினாயில் தண்ணில பால் மாதிரி கலங்குறதே அதுல பைன் எண்ணெய் இருக்கறதாலதான். தண்ணி ஆவியாப் போயிடும், எண்ணெய்ப் பிசுக்கு தங்கிடும். போர் தண்ணியோட உப்பு அதுமேல ஒட்டும். தினம் ஒரு பூச்சு. பாதம் பதியறது பிசுக்கால, வெள்ளையாத் தெரியறது உப்பால. ஈரமா இருக்கும்போது ரெண்டும் கண்ணுக்குத் தெரியாது, அதான் துடைச்சா போன மாதிரி இருக்கு.

முதல்ல சோபாவுக்குப் பின்னால ஓரடிக்கு ஓரடி இடத்துல சோதனை பண்ணுங்க. காய்ஞ்ச வெள்ளை மைக்ரோஃபைபர் துணியால அழுத்தித் தேய்ங்க. துணியில மாவு மாதிரியோ அழுக்காவோ வந்தா மேல படிஞ்சது, எடுத்துடலாம். ஒண்ணுமே வராம மங்கல் அப்படியே இருந்தா மண்ணு உரசின நுண்கீறல், துடைச்சுப் போகாது. அடுத்தது, ஒரு சொட்டு தண்ணி விட்டு அஞ்சு நிமிஷம் பாருங்க. முத்து மாதிரி நின்னா மேல் பூச்சு நல்லா இருக்கு. உறிஞ்சி மரம் கறுத்தா பூச்சு தேய்ஞ்சிருக்கு, இல்ல பூச்சுக்குப் பதிலா மரத்துக்கு எண்ணெய் ஊட்டின எண்ணெய் ஃபினிஷ். அப்படின்னா நிறுத்திட்டு இங்க வந்து சொல்லுங்க, கீழ இருக்கற முறை வேற.

முத்தா நின்னா: பூந்துடைப்பத்தாலயோ, உருள் பிரஷ்ஷை நிறுத்திட்டு வேக்குவத்தாலயோ மண்ணை எடுங்க. ஈர்க்குத் துடைப்பம் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணி, கை பொறுக்கற சூடு. மரத் தரைக்குன்னே விக்கற பிஎச் நடுநிலை (அமிலமும் இல்லாத காரமும் இல்லாத) திரவம் கிடைச்சா லேபிள்ல சொன்ன அளவு மட்டும், கூட ஒரு சொட்டு வேண்டாம். கிடைக்கலன்னா வெறும் ஆர்.ஓ. தண்ணியே போதும், ரெண்டு மூணு தரம் ஆகும். துணியைப் பிழிஞ்சா இனி சொட்டாதுங்கற வரைக்கும் பிழியணும். தரையில விட்ட ஈரம் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல காயணும், அதுக்கு மேல நின்னா தண்ணி ஜாஸ்தி. ஒரு பாய் அளவு இடம், பலகை நீளவாக்குல, அடுத்து நல்ல தண்ணித் துணி, அப்புறம் காய்ஞ்ச துணி, அதுக்கப்புறம்தான் அடுத்த இடம். ஹாலுக்கு எட்டுப் பத்து துணி வேணும். ஒரே துணியை அலசி அலசிப் போட்டா பிசுக்கை இடம் மாத்தி வைக்கிறீங்க, அவ்வளவுதான். துவைக்கும்போது துணியை மென்மையாக்கற கம்ஃபர்ட் வகையறா ஊத்தாதீங்க, அதுவும் படலம் விடும்.

அடுக்களை_ராணி:
உப்புன்னு நீங்களே சொல்றீங்க. உப்புக் கறையை எடுக்கறது வினிகர்தானே? அப்புறம் என்ன தப்பு?

ரசமட்டம்:
தப்பு இதுதான்: ஒரு டம்ளர் அமிலத்தை அரை பக்கெட் வெந்நீரோடு மரத்தில் ஊற்றச் சொன்னீர்கள். நாள்பட்டால் பி.யூ. (பாலியூரித்தேன்) மேல் பூச்சின் பளபளப்பு போகும். எண்ணெய் ஃபினிஷ் என்றால் நாள்படவே வேண்டாம்.

இழைப்புளி:
ரெண்டு பேரும் பாதி சரி. சுண்ணாம்பு உப்பு வினிகர்ல கரையும், அது உண்மை. பினாயில் பிசுக்கு எடுத்த பிறகும் வெள்ளைத் திட்டு நின்னா, பூச்சு நல்லா இருக்கற இடத்துல மட்டும், லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன், துணியில தொட்டு ஒரே ஒரு தடவை. உடனே நல்ல தண்ணித் துணி. வாரா வாரம் பண்ணக் கூடாது.

ரசமட்டம்:
"ஒரே ஒரு தடவை" என்று யாருக்குச் சொன்னாலும் அது வாரா வாரம் ஆகிவிடும். அதனால்தான் கூடவே கூடாது என்கிறேன்.

பனிக்காலம்:
ரொறன்ரோவில இருந்து எழுதுறன். பலகை ஓரம் கிளம்புறது ஈரப்பதப் பிரச்சினை. இங்க மாரியில ஹீட்டர் போட்டா வீட்டுக்குள்ள காத்து காய்ஞ்சு, பலகைக்குப் பலகை இடைவெளி விழும். காத்துக்கு ஈரம் குடுக்கிற ஹியூமிடிஃபையர் வச்சு ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கிட்ட நிப்பாட்டுவினம். நீங்களும் ஒண்டு வாங்கிப் பாருங்கோ.

ரசமட்டம்:
ஐப்பசி மழையில் சென்னைக்கு ஹியூமிடிஃபையரா! கடலுக்குத் தண்ணீர் லாரி அனுப்புவது போல.

பனிக்காலம்:
ஈரப்பதம் அளக்கிற மீற்றர் ஒண்டு வாங்கி வையுங்கோ எண்டதுதான் கருத்து. உங்கட ஊருக்கு டீஹியூமிடிஃபையர் எண்டு வாசிச்சுக் கொள்ளலாமே. எள்ளி நகையாடத் தேவையில்லை.

பூந்துடைப்பம்:
சண்டையை விடுங்க. பலகை ஓரம் தூக்குறதைப் பத்தி யாருமே ஒழுங்கா சொல்லலையே?

இழைப்புளி:
அது தனிக் கதை, பினாயிலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பலகைக்குக் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைங்க. நடுவுல இடைவெளி தெரிஞ்சா கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கு, அதாவது கீழ்ப்பக்கம் ஈரம் குடிச்சிருக்கு. நாலு பலகைல மட்டும், அதுவும் பால்கனிப் பக்கம்னா தண்ணி அங்கிருந்துதான் வருது. கதவுச் சட்டத்துக்கு அடியில மழைச் சாரல், தொட்டிச் செடி, ஏசி டிரெயின் குழாய். இதுல எதுன்னு பாருங்க. ரெண்டு பலகை நேருக்கு நேர் முட்டிக் கூடாரம் மாதிரி கிளம்பியிருந்தா அது வேற நோய். சுவரோட அடியில ஓடற ஸ்கர்ட்டிங் பட்டிக்குப் பின்னால விடவேண்டிய 8–10 மி.மீ. இடைவெளியை யாரோ சிமெண்ட் போட்டோ சிலிக்கான் போட்டோ அடைச்சிருப்பாங்க.

கிண்ணம்னா, தண்ணியை நிறுத்திட்டு ஃபேனும் ஏசி டிரை மோடும் ஓடவிட்டு வாரக்கணக்குல காத்திருக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகாது. உள் அடுக்கு பிளைவுட்னா பெரும்பாலும் படிஞ்சுடும். சில இன்ஜினியர்ட்ல பிளைவுட்டுக்குப் பதிலா மரநாரை அழுத்தின எச்.டி.எஃப். இருக்கும், அது ஊதியிருந்தா திரும்பாது, அந்தப் பலகையை மாத்தத்தான் வேணும். மெஷின்காரரை இப்போதைக்கு அனுப்பிடுங்க. குழிஞ்சிருக்கும்போது தூக்கின ஓரத்தைச் சீவிட்டா, காய்ஞ்ச பிறகு ஓரம் தாழ்ந்து நடு மேடாயிடும். 14 எம்எம் பலகைல மேல் மரம் 2, 3 மி.மீ.தான் இருக்கும், இன்னும் மெலிசாவும் வரும். அதை அப்படி வீணாக்கலாமா?

அடுக்களை_ராணி:
ஸ்டீம் மாப்?

ரசமட்டம்:
கூடாது. இணைப்பு வழியாக ஆவியை உள்ளே செலுத்தும் கருவி அது.

மூணாவதுமாடி:
எல்லாருக்கும் நன்றி. இன்னொரு சின்ன விஷயம். ஞாயித்துக்கிழமை கணபதி ஹோமம். ஹால்ல செங்கல் அடுக்கி மணல் போட்டுப் பண்ணலாம்ல?

பூந்துடைப்பம்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!

இழைப்புளி:
மரத்து மேல நேரா வேண்டாங்க. செங்கல், மணல் வழியாவும் சூடு இறங்கும், மேல் தகட்டை ஒட்டியிருக்கற பசை விடும். பால்கனியிலயோ டைல்ஸ் ரூம்லயோ வைங்க. ஹால்லயே உட்காரணும்னா பாய், அதுமேல துணி. மஞ்சள் தண்ணி, குங்குமம், விளக்கெண்ணெய் எதுவும் நேரா மரத்துல படாம தாம்பாளத்துல வைங்க. மாக்கோலத்தை மனைப் பலகை மேல போடுங்க. ஸ்டிக்கர் கோலமும் வேண்டாம், உரிக்கும்போது பசை நிக்கும். ரப்பர் அடி வச்ச மிதியடியை மாசக்கணக்குல ஒரே இடத்துல போட்டா மஞ்சளாக் கறை இறங்கும், அதையும் எடுத்துடுங்க. இரும்புச் சட்டி, ஆணி, ஸ்டீல் நார் ஈரத்தோட கிடக்க விடாதீங்க. ஓக்ல டானின்ங்கற துவர்ப்புப் பொருள் இருக்கு, இரும்பு பட்டா மை மாதிரி கறுப்பாயிடும்.

அடுக்களை_ராணி:
தேங்காய் எண்ணெய் தடவினா பளபளன்னு வருமே?

ரசமட்டம்:
ஐயோ.

பனிக்காலம்:
இழை போட்டவர் எங்க? ஞாயிறு முடிஞ்சு மூண்டு நாள் ஆச்சு.

மூணாவதுமாடி:
மன்னிக்கணும், அலைச்சல். படலம் போயிடுச்சு, மூணு தரம் ஆச்சு, ஒன்பது துணி. வினிகர் தேவைப்படலை. ஹோமம் பால்கனியில. ஏசி டிரெயின் குழாய் கதவுச் சட்டத்துக்குள்ளயே சொட்டிட்டு இருந்துச்சு, மாத்தியாச்சு. பலகை இன்னும் அப்படியேதான் இருக்கு. தேங்க்ஸ்.

ரசமட்டம்:
உள் அடுக்கு பிளைவுட்டா, எச்.டி.எஃப்.பா? அதை இன்னமும் சொல்லவில்லை.