உதவி நிதித் தணிக்கை: லீக்கேஜ், டைவர்ஷன் இரண்டுக்கும் தமிழ்ச் சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

நம் கலைச்சொல் பட்டியலில் லீக்கேஜ், டைவர்ஷன் இரண்டுக்கும் 'முறைகேடு' என்றே இருக்கிறது. தணிக்கையில் இவை வெவ்வேறு. முதலாவதற்குக் 'கசிவு', அடுத்ததற்கு 'மடைமாற்றம்' என முன்மொழிகிறேன்.

உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அரசு விடுவித்த மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. 250 பள்ளிகளில் நடந்த உலக வங்கி ஆய்வின் கணக்கு இது. கருவூலம் விடுவித்த தொகைக்கும் பள்ளிப் பதிவேட்டில் வரவு வைத்த தொகைக்கும் உள்ள வித்தியாசமே கசிவு. யார் எடுத்தார் என்பதை அது சொல்லாது.

2012இல் அதே நாட்டில், வடபகுதி மறுசீரமைப்புக்கு வந்த கொடைப்பணம் பிரதமர் அலுவலகக் கணக்குகளுக்குப் போயிருந்ததைத் தலைமைக் கணக்காய்வாளர் கண்டுபிடித்தார். அயர்லாந்தின் 40 லட்சம் யூரோவும் அதில் இருந்தது. உகாண்டா பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தது. பணம் போன தடம் தெரிவதால் இது மடைமாற்றம்.

மறுமொழி:

> அடுத்ததற்கு 'மடைமாற்றம்'

கசிவு சரி. ஆனால் முறைப்பாசனத்தில் மடை மாற்றுவது நேர்மையான வேலை ஆயிற்றே! வறட்சி வந்தால் கொடையாளரின் எழுத்து ஒப்புதலோடு திட்டப் பணத்தை நிவாரணத்துக்கு மாற்றுவதும் உண்டு. அதுவும் இந்தச் சொல்லில் சிக்கிவிடும்.

இன்னொன்று. உணவு திருடப்படுகிறது என்று 2023 ஜூனில் அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்டும் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டமும் எத்தியோப்பியா முழுவதும் விநியோகத்தை நிறுத்தின. பசித்தவர்களும் சேர்த்துத் தண்டிக்கப்பட்டார்கள். தன் பங்குக் கோதுமையில் கொஞ்சம் விற்று எண்ணெய் வாங்கும் தாயையும் திருடியாக்கும் சொல் வேண்டாம்.

மறுமொழி:

ஒப்புதலோடு மாற்றுவதற்கு 'மறுஒதுக்கீடு' ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே மடைமாற்றத்தை வைத்துக்கொண்டு வரையறையை இறுக்கலாம்: "உதவிப் பணமோ பொருளோ, பயனாளி கைக்குச் சேருமுன், கொடுத்தவர் ஒப்புதலின்றி வேறு கைக்கோ வேறு செலவுக்கோ போவது." 'சேருமுன்' என்ற சொல் அந்தத் தாயைக் காக்கும்.

களத்திலும் இது உதவும். சந்தையில் உதவி அமைப்பின் முத்திரை போட்ட சாக்கு கிடப்பது மட்டும் சான்றாகாது. வெற்றுச் சாக்கை எல்லோரும் மறுபடி பயன்படுத்துவார்கள். தையல் பிரியாத மூட்டைகள் மொத்தமாக மாவு மில்லில் இருந்தால், அவற்றின் லாட் எண்ணைக் கிடங்குப் பதிவேட்டோடும் லாரி சலானோடும் ஒப்பிட வேண்டும். சலானில் 'இறக்கியாயிற்று' என்று கையெழுத்து இருந்து, பயனாளிகள் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னால், இடைப்பட்ட கிடங்கில்தான் முதலில் தேட வேண்டும்.

'கையாடல்' தனிப் பதிவாகவே இருக்கட்டும்; சொந்த ஆதாயம் நிரூபணமானால் மட்டும் அதை எழுதுவோம்.