டூம் மெட்டலுக்குத் தமிழில் என்ன சொல்? (புதன் இரவுக்குள் தேவை)

லாஸ்பேட்டையிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் சிற்றிதழ் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. பெல் விட்ச் குழுவின் 'மிரர் ரீப்பர்' இசைத்தொகுப்பைக் கேட்டவர்களின் கருத்துகளை இந்த இதழில் தொகுத்து வெளியிடுகிறோம். சியாட்டில் நகரத்து இருவர் குழு அது. வாசிப்பது டூம் மெட்டல் என்னும் மிக மெதுவான, கனத்த ராக் வகை. 2017இல் வந்த அத்தொகுப்பு முழுவதும் ஒரே பாட்டு, 83 நிமிடம். கிதார் கிடையாது. பேஸ், டிரம்ஸ், ஆர்கன், குரல், அவ்வளவுதான். முன்பு அக்குழுவில் டிரம்ஸ் வாசித்த ஏட்ரியன் குவேரா 2016இல் இறந்துபோனார். அவர் ஏற்கெனவே பாடிப் பதிவாகி, பயன்படாமல் கிடந்த குரல் பாட்டின் நடுவே வருகிறது.

கேட்டவர்கள் எல்லோரும் புதுச்சேரிக்காரர்கள். தமிழிலேயே எழுதிக் கொடுத்தார்கள். மிருதங்கம் பயிலும் மாணவி ஒருவர், "ஓர் அடி விழுந்து அடுத்த அடி விழுவதற்குள் என் விரல் தொடையில் தானாக எண்ணத் தொடங்கிவிட்டது, எண்ணி முடித்த பிறகும் அடி விழவில்லை" என்கிறார். செவிலியர் ஒருவர் 'பாரம்' என்ற சொல்லை ஒரே பத்தியில் மூன்று முறை எழுதியிருக்கிறார். கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு அது 'இழுவை'. இருபதாம் நிமிடத்தில் எழுந்துவிட்டாராம். வைத்திக்குப்பத்து இளைஞர், "இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது, ஆனால் எழுந்து போக மனம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

விளம்பம், மந்தம், பாரம், இழுவை, இழவு. ஒரே ஓசைக்கு இத்தனை சொற்கள். அவர்கள் எழுதியதில் கை வைக்க மாட்டேன். ஆனால் முன்னுரைக்கும் தலைப்புக்கும் நிலையான சொற்கள் வேண்டும். டூம் மெட்டல், அதில் இன்னும் மெதுவான கிளையான ஃபியூனரல் டூம், திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடரான ரிஃப், விடாமல் ஒலிக்கும் ஒரே சுரமான டிரோன், அடித்தொண்டைக் குரல். இந்த ஐந்துக்கும் உதவுங்கள்.

*

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

தம்பிக்கு வாழ்த்துகள். முதலில் மூலச் சொல்லைப் பார்ப்போம். டூம் என்பது பழைய ஆங்கிலத்தில் தீர்ப்பையும் சட்டத்தையும் குறித்தது. இறுதித் தீர்ப்பு நாளைச் சொல்லிச் சொல்லியே பிற்காலத்தில் அழிவு, விதி என்று பொருள் திரிந்தது. தீர்ப்பு, முறை, விதி, முடிவு ஆகிய நான்கையும் ஒரே சொல்லில் தாங்குவது நம்மிடம் ஊழ்தான். ஊழ் என்றால் முறை என்றே பழைய பொருள். ஊழ்த்தல் மலர்தலையும் குறிக்கும்; 'இணர் ஊழ்த்தும் நாறா மலர்' என்ற குறள் எல்லோருக்கும் தெரியும். முதிர்தலும் உதிர்தலும் அதற்குள் அடக்கம். அங்கிருந்து ஊழி. ஒன்று மெல்ல முதிர்ந்து தன் முறை வந்ததும் விழுவது ஊழ். நீங்கள் சொல்லும் இசையின் நடையும் அதுதானே?

மெட்டலுக்கு, உலோகம் என்ற பொருளில், மாழை இருக்கிறது. ஆகவே 'ஊழ்மாழை'. நீளம் வேண்டாமென்றால் 'ஊழிசை'.

*

முத்தியால்பேட்டையிலிருந்து:

ஐயாவின் சொல்லாய்வை எப்போதும் விரும்பிப் படிப்பவள் நான். ஆனால் ஊழ்மாழை என்ற தலைப்பைப் பார்க்கும் வாசகர் அதைச் சித்த மருத்துவக் கட்டுரை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். வேரை வைத்துத்தான் மொழிபெயர்க்க வேண்டுமென்றால் இறுதித் தீர்ப்புக்குப் புதுச்சேரிக் கத்தோலிக்கக் கோயில்களில் ஏற்கெனவே சொல் உண்டு: பொதுத்தீர்வை. அதற்காக இதைத் தீர்வை இசை என்று எழுதிவிட முடியுமா? வெளியே தீர்வை என்றால் வரி.

ராக் இசை, ஜாஸ் இசை என்று தமிழில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு வகையின் பெயர் கிட்டத்தட்ட இடுகுறிப்பெயர் போன்றது. டூம் மெட்டல் அப்படியே இருக்கட்டும். நம் உழைப்பை வருணனைச் சொற்களில் செலவிடுவோம்; பஞ்சம் அங்கேதான்.

*

மஞ்சக்குப்பத்திலிருந்து:

யாரும் தவறிக்கூட ஹெவி மெட்டலைக் 'கன உலோகம்' என்று எழுதிவிடாதீர்கள். கடலூரில் அந்தச் சொல்லைக் கேட்டால் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களின் நிலத்தடி நீர்தான் நினைவுக்கு வரும். ஈயம், காட்மியம், பாதரசம். இங்கே அது வலியுள்ள சொல்.

*

வில்லியனூரிலிருந்து:

டிரோனுக்கு ஏன் தேடுகிறீர்கள்? நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருப்பாரே, அந்தக் குழலுக்குப் பெயர் ஒத்து. என் தாத்தா முதலில் ஒத்து ஊதித்தான் தொழில் கற்றார். கன்னம் உப்பியபடி, மூச்சு அறுபடாமல், மூக்கால் இழுத்து வாயால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவரை 'ஒத்து ஊதுகிறார்' என்று ஊரில் இழிவாகச் சொல்வது எனக்கு எப்போதும் வருத்தம். நாகசுரக்காரர் எங்கே அலைந்தாலும் திரும்பி வந்து நிற்க ஓர் இடம் தருவது ஒத்துதான். ஆர்கனில் அவர்கள் பிடித்துவைத்திருப்பது ஒத்து. அந்தச் சொல்லை இந்த இதழிலாவது மரியாதையோடு அச்சில் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அடித்தொண்டைக் குரலுக்கு 'உறுமல்' போதும்.

*

லாஸ்பேட்டையிலிருந்து:

ஒத்து, உறுமல் இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். மிக்க நன்றி அண்ணா.

*

நெல்லிக்குப்பத்திலிருந்து:

பெயர் வைப்பதற்கு முன் இந்த இசை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இதன் ஊற்று இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து பிளாக் சப்பாத் குழு. முதல் தொகுப்பு 1970 பிப்ரவரி 13இல் வெளிவந்தது. அதன் கிதார்க் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் தகட்டு ஆலை இயந்திரத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கக்காரர். நரம்பை அழுத்த வேண்டிய விரல்களே போய்விட்டன. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். 1971இல் வந்த மூன்றாம் தொகுப்பில் நரம்புகளை மூன்று அரைச்சுரம் இறக்கிக் கட்டினார். தளர்ந்த நரம்பு விரலுக்கு இதம், ஓசைக்குக் கனம். பின்னால் வந்த டூம் குழுக்கள் அனைத்தும் அந்தத் தளர்ச்சியின் வழிவந்தவை. ஆகவே இதில் ஊழையும் சாவையும் தேடுவதைவிடத் தளர்வையும் தாழ்வையும் தேடுவதுதான் சரி. 'தாழிசை' என்றால் என்ன?

*

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

தாழிசை ஏற்கெனவே பாவினம். கலித்தாழிசை, வெண்டாழிசை, ஆசிரியத் தாழிசை, வஞ்சித்தாழிசை. யாப்பின் சொல்லைப் பறிக்காதீர்கள் தம்பி.

*

சிதம்பரத்திலிருந்து:

பறிக்க வேண்டாம் ஐயா, கடன் வாங்குவோம். பாவுக்கு ஓசை நான்கு. செப்பல், அகவல், துள்ளல், தூங்கல். வெண்பா செப்பும், ஆசிரியம் அகவும், கலி துள்ளும், வஞ்சி தூங்கும். தூங்கல் என்றால் தொங்கி, அசைந்து, தாழ்ந்து செல்லும் ஓசை. துள்ளலுக்கு நேர் எதிர். இளையோர் கேட்கும் வேகமான மெட்டல் துள்ளல் என்றால், இது தூங்கல். 'தூங்கல் இசை' என் பரிந்துரை.

சிலப்பதிகார உரையில் முதல்நடை, வாரம், கூடை, திரள் என்று நான்கு இயக்கம் வருகிறது. முதல்நடை மிகத் தாழ்ந்த செலவு, திரள் மிக முடுகியது. ஆனால் முதல்நடை வேகத்தை மட்டுமே சொல்லும். தூங்கலில் எடையும் இருக்கிறது. தூங்கு, தூக்கு இரண்டும் ஒரே குடும்பம். தூக்கு எடை நிறுத்தலையும் குறிக்கும், செய்யுள் அளவையும் குறிக்கும். செவிலியர் 'பாரம்' என்றதும் மாணவி இடைவெளியை எண்ணியதும் இந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.

நம் மாவட்டத்துப் பெண்ணாடத்தில் பாடல் பெற்ற தலத்தின் பெயரே தூங்கானை மாடம். கருவறை விமானத்தின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். அந்த ஊர்க்காரர்களுக்குத் தூங்கல் அயலான சொல் இல்லை. குறுந்தொகையில் தூங்கல் ஓரியார் என்றே ஒரு புலவர் இருக்கிறார்.

*

முத்தியால்பேட்டையிலிருந்து:

புலவரை விடுங்கள். தூங்கல் இசை என்று அச்சடித்தால் நூற்றுக்கு நூறு பேர் தாலாட்டு என்றுதான் படிப்பார்கள். ஒரு வாசகர் அதைக் குழந்தைக்குப் போட்டுக் காட்டினால் யார் பொறுப்பு?

*

சிதம்பரத்திலிருந்து:

அம்மா, முதல் முறை தவறாகப் படிப்பார்கள். கீழே ஒரு வரி விளக்கம் இருந்தால் இரண்டாம் முறை அப்படிப் படிக்கமாட்டார்கள். பேருந்து, மிதிவண்டி, கணினி எல்லாம் யாரோ ஒருவர் துணிந்து எழுதிய சொற்கள்தாம். புரியாது புரியாது என்று ஒதுங்கினால் புரியவைக்கும் வேலையை யார் செய்வது? இந்த வகையில் ஸ்லீப் என்றே ஒரு பெயர்பெற்ற குழு இருக்கிறது. அவர்களுக்கு இல்லாத அச்சம் நமக்கு எதற்கு?

*

லாஸ்பேட்டையிலிருந்து:

எனக்குத் தூங்கல் பிடிக்கிறது. ஆனால் ஃபியூனரல் டூமுக்கு என்ன செய்வது? 'இழவிசை', 'சாப்பறை இசை' என்று தனி மடலில் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

*

வில்லியனூரிலிருந்து:

சாப்பறை வேண்டாம் தம்பி. பறை வாசிப்பவர்கள் அந்தக் கருவியைச் சாவிலிருந்து பிரித்து மேடைக்குக் கொண்டுவரப் படும் பாடு உங்களுக்குத் தெரியும். சாதிப்பெயரோடு சேர்த்து வசையாகப் பயன்பட்ட சொல். அமெரிக்கக் குழு ஒன்றுக்குப் பெயர் வைப்பதற்காக அதை மறுபடியும் சாவில் கொண்டுபோய்க் கட்டக் கூடாது. இதில் நான் இறங்கிவரமாட்டேன்.

*

மஞ்சக்குப்பத்திலிருந்து:

வில்லியனூர் அண்ணன் சொல்வதோடு முழுமையாக உடன்படுகிறேன். 'நெய்தல்' பொருந்துமா? 'ஓரில் நெய்தல் கறங்க' என்ற புறநானூற்றுப் பாட்டில் நெய்தல் சாவுக்கு முழங்கும் பறை. இரங்கல் நெய்தல் திணையின் உரிப்பொருள். நம் கடற்கரைக்கும் உரியது.

*

சிதம்பரத்திலிருந்து:

அழகான சொல். ஆனால் உரிப்பொருளும் பறையும் பூவும் நிலமும் ஏற்கெனவே அதில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. தூங்கலிலேயே ஏந்திசைத் தூங்கல், அகவல் தூங்கல், பிரிந்திசைத் தூங்கல் என்று மூன்று உண்டு. அடிக்கும் அடிக்கும் இடையே பிரிந்து பிரிந்து இசைப்பதால் ஃபியூனரல் டூமைப் 'பிரிந்திசைத் தூங்கல்' என்று சொல்லலாம்.

*

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

பிரிந்திசை என்பது தளைகள், அதாவது சீர்களின் இணைப்புகள், விரவி வருவதைக் குறிக்கும். காலஇடைவெளிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. யாப்பருங்கலக் காரிகையைப் படித்தவர்கள் இப்படிச் சொல்வது வருத்தமளிக்கிறது. இலக்கணச் சொல்லைக் காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காக இழுத்துவந்தால், நாளை மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

*

லாஸ்பேட்டையிலிருந்து:

ஐயா சொல்வது சரி. நேற்றிரவு தொகுப்பை மீண்டும் முழுவதும் கேட்டேன். பாட்டின் நடுவே ஆர்கன் அடங்கி, இறந்தவரின் உறுமல் மட்டும் எழுகிறது. உயிரோடு இருக்கும் நண்பர்கள் அதற்குக் கீழே மெல்ல வாசிக்கிறார்கள். போன நண்பனுக்காக, போக்கிடம் இல்லாமல் நின்று பாடுவதற்குத் தமிழில் ஒரு துறையே இருக்கிறது: கையறுநிலை. பாரி இறந்தபின் கபிலர் நின்ற இடம் அது. 'கையறு தூங்கல்' என்று வைத்துக்கொள்கிறேன். ஓசைக்குத் தூங்கல், பொருளுக்குக் கையறுநிலை.

*

நெல்லிக்குப்பத்திலிருந்து:

இந்தத் தொகுப்புக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஃபியூனரல் டூம் குழுக்கள் எல்லாம் நண்பனுக்காகவா பாடுகின்றன? துறையின் பெயர் வேறு, வகையின் பெயர் வேறு. நாளை வேறொரு தொகுப்பைப் பற்றி எழுதும்போது கை கட்டப்பட்டு நிற்பீர்கள்.

ரிஃப் பற்றி யாரும் பேசவே இல்லை.

*

முத்தியால்பேட்டையிலிருந்து:

ரிஃபுக்கு 'மடக்கு' போடுங்கள். வந்த தொடரே மடங்கி வருவது. மடக்கணியில் பொருள் மாற வேண்டும் என்று ஐயா சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: கீழே டிரம்ஸ் மாறும்போது அதே ரிஃபின் பொருளும் மாறத்தான் செய்கிறது.

*

லாஸ்பேட்டையிலிருந்து:

புதன் இரவு ஆகிவிட்டது. தலைப்பில் 'டூம் மெட்டல்' என்றே இருக்கும். முன்னுரையில் ஒரு வரி விளக்கத்தோடு 'தூங்கல் இசை' வரும். பிறகு இரண்டும் மாறிமாறி வரும். 'கையறு தூங்கல்' இந்தத் தொகுப்புக்கு மட்டும். ஒத்து, உறுமல், மடக்கு மூன்றும் உறுதி. கருத்து சொன்னவர்களில் பெரும்பாலோர் இதற்கு உடன்பட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் களைத்துப்போயிருக்கலாம். எல்லோருக்கும் நன்றி.

*

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

ஊழிசை என் பரிந்துரையாக இருக்கிறது என்பதைப் பதிவு செய்கிறேன். தூங்கல் ஓசையின் பெயர். அதற்குப் பின்னால் மறுபடியும் இசை எதற்கு? கூறியது கூறல்.

*

சிதம்பரத்திலிருந்து:

ஐயாவுக்கு விரிவாகப் பதில் எழுதுகிறேன். அச்சுக்குப் போகுமுன் ஒன்று மட்டும்: 'தூங்கல் இசை' என்று பிரித்தே எழுதுங்கள். 'தூங்கலிசை' என்று சேர்த்தால் வாசிப்பவர் எங்கே முறிப்பது என்று தடுமாறுவார். பாட்டு என்று வரும் இடங்களில் 'தூங்கற்பாட்டு'. மெய்ப்புப் பார்ப்பவர் அந்த றகரத்தைப் பிழை என்று திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.