ஓவனில் பரங்கிக்காய் பாஸ்தா: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

கேள்வி:

வெளிநாடு வந்து ஏழு வாரம் ஆகிறது. நான்கு பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். இதுவரை ஓவனை வாணலிகள் அடுக்கும் அலமாரியாகத்தான் பயன்படுத்தினோம். போன வாரம் உடன் வேலை பார்ப்பவர் தன் தோட்டத்தில் காய்த்த பட்டர்நட் என்ற பரங்கி வகைக் காய் ஒன்றைக் கொடுத்தார். அதை நறுக்கி, வேகவைத்த பாஸ்தா, சீஸ், பால் எல்லாவற்றோடும் கலந்து 200 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓவனில் வைத்தேன். பாஸ்தா கூழாகிவிட்டது. காய்த் துண்டுகள் வேகவில்லை. அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. மேலே நிறம் மாறவே இல்லை. எங்கே தவறினேன்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்கள் ஓவனில் இருக்கும் 200 செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா? 200 செல்சியஸ் என்பது ஏறக்குறைய 400 ஃபாரன்ஹீட். ஃபாரன்ஹீட் ஓவனில் 200 என்று வைத்திருந்தால் உள்ளே 93 செல்சியஸ்தான் இருந்திருக்கும். தண்ணீர்கூடக் கொதிக்காத அந்தச் சூட்டில் சீஸ் எப்படிச் சிவக்கும்? குமிழில் எண்கள் 500, 550 வரை போனால் அது ஃபாரன்ஹீட்.

மற்றதெல்லாம் தண்ணீரில் நடந்த தவறு. காயில் உள்ள தண்ணீரை முன்கூட்டியே வெளியேற்ற வேண்டும். பாஸ்தாவுக்கு ஓவனுக்குள் குடிக்கத் தண்ணீர் மிச்சம் வைக்க வேண்டும். நீங்கள் பச்சைக் காயைப் போட்டு, முழுக்க வெந்த பாஸ்தாவையும் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் தலைகீழ்.

ஸ்குவாஷ் என்று விற்கும் இந்தக் காய்களைப் பற்றிக் கொஞ்சம். நாம் பரங்கி என்றும் மஞ்சள் பூசணி என்றும் சொல்வதன் உறவினர்கள்தாம் இவை. தோல் முற்றிய பிறகு பறித்து, குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடலாம் என்பதால் குளிர்கால ஸ்குவாஷ் என்று பெயர். குளிர்காலத்தில் காய்ப்பதால் அல்ல. சில நாடுகளில் எல்லாவற்றையும் பம்ப்கின் என்றே சொல்லிவிடுவார்கள், குழம்ப வேண்டாம். உங்களுக்குக் கிடைத்த பட்டர்நட் 1940-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உருவான ரகம். கழுத்து நீளம், விதைக்குழி சிறியது, நார் குறைவு. இந்தச் சமையலுக்கு இதைவிட வசதியான காய் இல்லை. கபோச்சா என்ற கரும்பச்சைக் காயும் நன்றாக இருக்கும். மாவுத்தன்மை அதிகம் என்பதால் சாஸில் பால் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஸ்பகெட்டி ஸ்குவாஷ் மட்டும் வேண்டாம். வெந்ததும் நூல் நூலாகப் பிரிந்துவிடும்.

இலையுதிர் காலத்தில் மேசை அலங்காரத்துக்கென்று விற்கும் குட்டிக் காய்களைத் தவறிக்கூடச் சமைக்காதீர்கள். எந்தப் பரங்கியானாலும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சு, வேகவைத்தாலும் போகாது.

நறுக்குவதில்தான் புதியவர்கள் கையை வெட்டிக்கொள்கிறார்கள். முழுக்காயைக் கத்தியால் அங்கங்கே குத்தி, மைக்ரோவேவில் 3 நிமிடம் வைத்தால் தோல் சற்று இளகும். பிறகு கழுத்தையும் குடம் போன்ற அடிப்பகுதியையும் இரண்டாக வெட்டிப் பிரியுங்கள். தட்டையான பக்கம் கீழே இருக்க நிமிர்த்தி வைத்தால் காய் உருளாது, தோலும் மேலிருந்து கீழாக எளிதில் சீவ வரும். சீவும்போது வரும் பிசின் கையில் மெல்லிய ஏடாகக் காய்ந்து, விரல்களை மடக்கினால் தோல் இழுக்கும். எனக்கு முதல் தடவை உள்ளங்கை உரிந்து, ஏதோ வியாதி என்று பயந்தே போனேன். கையுறை போடுங்கள், இல்லையென்றால் கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

ஓவனைச் சூடாக்குவதற்கு முன் உள்ளே இருக்கும் வாணலிகளை எல்லாம் வெளியே எடுங்கள். சிரிக்காதீர்கள். நான் வந்த புதிதில் அறைத்தோழி பிளாஸ்டிக் கரண்டி ஒன்றை உள்ளே மறந்துவிட்டாள். புகை அலாரம் அலறி, மூன்று மாடியும் படியில் இறங்கி நின்றது.

நான்கு பேருக்கான அளவு: தோலோடு 1 கிலோ பட்டர்நட், 300 கிராம் பாஸ்தா, 40 கிராம் வெண்ணெய், 40 கிராம் மைதா, 700 மில்லி பால், 150 கிராம் சீஸ். பாஸ்தாவில் பென்னே, ரிகடோனி, சங்கு வடிவம் போன்று குழிவானவையே வேண்டும். சாஸ் உள்ளே புக இடம் வேண்டுமே.

காயை 2 செ.மீ. துண்டுகளாக்கி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் உப்பும் புரட்டி, அகலத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தால் வறுபடாது, தன் ஆவியிலேயே அவியும். தட்டு போதவில்லையென்றால் இரண்டு தட்டு. 200 செல்சியஸில் 35 நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். விசிறி உள்ள ஓவனென்றால் 20 டிகிரி குறையுங்கள். முடியும்போது துண்டுகள் சுருங்கி, ஓரங்கள் பழுப்பேறி, தட்டின் அடியில் ஒட்டிய இடம் மிட்டாய் போல இருக்கும். அந்த மணம் வராதவரை வெளியே எடுக்காதீர்கள். இந்த ஒரு படியில் பொறுமை காட்டினால் மற்றவற்றில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சாப்பாடு உருப்படும்.

அதே நேரத்தில் சாஸ். வெண்ணெயை உருக்கி மைதாவைப் போட்டு 2 நிமிடம் கிளறுங்கள், நிறம் மாற வேண்டாம். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். கொதித்துச் சற்றுத் திரண்டதும் உப்பு, மிளகு, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. வறுத்த காயில் பாதியை முள்கரண்டியால் மசித்து இதில் சேருங்கள். சீஸில் முக்கால் பங்கை அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். துருவியே விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள். அது வழவழப்பாக உருகாது. கட்டியாக வாங்கித் துருவுங்கள்.

பாஸ்தாவுக்கு 3 லிட்டர் தண்ணீர், 30 கிராம் உப்பு. பொட்டலத்தில் 11 நிமிடம் என்றிருந்தால் 8-இல் வடித்துவிடுங்கள். ஒன்றைக் கடித்துப் பாருங்கள்: நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். வடிக்கும் முன் அந்தத் தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து வையுங்கள். பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள், சாஸைப் பிடித்துக்கொள்ளும் மாவு போய்விடும்.

இனி எல்லாவற்றையும் கலந்து, எடுத்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். பார்க்க நீர்த்துப்போய், 'கெடுத்துவிட்டோமோ' என்று தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். முக்கால் வேக்காட்டுப் பாஸ்தா ஓவனுக்குள் அவ்வளவையும் குடித்துவிடும். மீதிக் காயையும் சீஸையும் மேலே தூவி, அலுமினியத் தாள் மூடி, 190 செல்சியஸில் 15 நிமிடம். தாளை எடுத்துவிட்டு இன்னும் 10 நிமிடம். வெளியே எடுத்து 10 நிமிடம் தொடாமல் விடுங்கள். உடனே வெட்டினால் சாஸ் ஓடும்.

இன்னொருவர்:

அக்கா சொன்னதோடு ஒன்று. சைவம் சாப்பிடுபவர்கள் சீஸ் பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் வருவது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் (பாலைத் திரிய வைக்கும் பொருள்) சேர்த்தது. அந்தப் பெயருக்கான விதியே அப்படித்தான். சைவ ரென்னெட் சேர்த்த கெட்டிச் சீஸ்களும் கிடைக்கின்றன. நான் இரண்டு வருடம் தெரியாமலே சாப்பிட்டேன்.

கேட்டவர்:

அக்கா, ஃபாரன்ஹீட்தான்! குமிழ் 550 வரை போகிறது. நேற்று மறுபடி செய்தேன். காய் நன்றாக வந்தது. மிச்சத்தை கண்ணாடிப் பாத்திரத்தோடு குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். அப்படியே சூடான ஓவனில் வைக்கலாமா?

பதில்:

வேண்டவே வேண்டாம் தம்பி. சில்லென்ற கண்ணாடி சூட்டில் வெடிக்கும். வேண்டிய அளவு மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு கரண்டி பால் தெளித்து, மூடிச் சூடாக்குங்கள். இரவு முழுக்கப் பாஸ்தா இன்னும் குடித்திருக்கும், அதனால்தான் பால். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

கேட்டவர்:

மூன்று நாளா? மொறுமொறுப்பான ஓரத்துக்கு இப்போதே நான்கு பேருக்கும் சண்டை. வாணலிகளை எங்கே வைப்பது என்பதுதான் இனி யோசிக்க வேண்டியது.